நூற்கண்டைக் கனவில் கண்ட கன்னிகை

(ஜூபிலி விழா மாலைக் கூட்டத்தில், தேவ அழைத்தலைக் குறித்து நமது பங்குக்குரு ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் நம்மிடம் வந்தார். "சாமி, எனக்கு ஒரே பொண்ணு. மடத்துக்குப் போறேன், டீச்சராகிப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறேன்னு நிக்கறா. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். நாம் அன்று வேறு அவசரத்தில் இருந்தோம். "எல்லாம் தேவ சித்தம், ஜெபம் பண்ணுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். சொன்னது தப்பில்லை; ஆனால் அது பதிலும் இல்லை. அந்தக் கடனை இன்று உங்கள் முன்னிலையில் தீர்க்க விரும்புகிறோம்.

ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியருள் ஆசிரியையாகவே வாழ்ந்து புனிதையானவர் லியோபா அம்மாள். எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். தாய் ஏபா நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து, முதிர்ந்த வயதில் பெற்ற ஒரே மகள். அந்த ஒரே மகளைத்தான் அவர் விம்போர்ன் மடத்தில், தெத்தா என்ற தலைவியிடம் படிக்க விட்டார். நம்மிடம் வந்த தாயின் நிலையும் ஏபாவின் நிலையும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

மடத்தில் ஓர் இரவு லியோபா கனவு கண்டார். அவர் வாயிலிருந்து கருஞ்சிவப்பு நூல் ஒன்று வருகிறது. பிடித்து இழுக்கிறார், வந்துகொண்டே இருக்கிறது. கை நிறைந்துவிடுகிறது, பிறகும் வருகிறது. உருட்டி உருட்டிக் கண்டாகச் சுற்றுகிறார். கை ஓய்ந்துபோய் விழித்துக்கொள்கிறார். தன் கனவு என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு மாணவியை அனுப்பி, அது அவளுடைய கனவு போல ஒரு வயோதிகக் கன்னிகையிடம் விளக்கம் கேட்கச் சொன்னார். கிழவியை ஏமாற்ற முடியவில்லை! "நீ கண்ட கனவா இது?" என்று கடிந்துவிட்டு அவர் விளக்கம் சொன்னார்: நூல் என்பது அவள் இதயத்திலிருந்து எழும் ஞான போதனை, கை நிறைந்தது, சொன்னதைச் செய்கையில் காட்டுவாள் என்பதற்கு அடையாளம்.

மற்ற ஊர்களில் இதை விளக்கிச் சொல்ல வேண்டும். சின்ன காஞ்சிபுரத்தில் வேண்டியதில்லை. நூல் சும்மா கண்டாகக் கிடந்தால் புடவையாகாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். தாரில் சுற்ற வேண்டும், நாடாவில் ஏற வேண்டும், பாவின் குறுக்கே ஓட வேண்டும். கோர்வைப் புடவையில் கரை நாடாவைத் தள்ளித்தர இன்னொரு கையும் வேண்டும். அந்த இன்னொரு கை ஒரு காலத்தில், பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளையின் கையாகவே பெரும்பாலும் இருந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க யாராவது ஒருவர் தம் வீட்டை விட்டு வரவேண்டியிருந்தது.

லியோபாவும் வந்தார். ஜெர்மானிய நாட்டில் வேதம் போதித்த புனித போனிபாசியார் அவருக்குத் தாய்வழி உறவினர். இளம் கன்னிகையாக இருந்தபோதே அவருக்கு லத்தீனில் ஒரு கடிதம் எழுதினார் லியோபா. தந்தை இறந்ததையும், தாய் நோயுற்றிருப்பதையும், தான் ஒரே மகள் என்பதையும் சொல்லி, தமக்குச் சகோதரனாக இருக்கும்படி கேட்டார். தம் நடையில் உள்ள பிழைகளைத் திருத்தவும் வேண்டினார். தாம் எழுதிப் பழகிய சில செய்யுள் வரிகளையும் சேர்த்தார். பிழை திருத்துங்கள் என்று தானாக நோட்டை நீட்டும் மாணவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்?

சுமார் 748-ல் போனிபாசியார் அவரைத் தம்மிடம் அழைத்து, டாபர் நதிக்கரையிலுள்ள பிஷோப்ஸ்ஹைமில் ஒரு மடத்துக்குத் தலைவியாக்கினார். அங்கே பயின்ற கன்னியர் பல மடங்களுக்கு ஆசிரியைகளாகவும் தலைவிகளாகவும் போனார்கள். அவர் தூங்கும்போது இளம் கன்னியர் அருகிலிருந்து வேதாகமம் வாசிப்பார்களாம். சோதித்துப் பார்க்க ஒரு சொல்லை விட்டுவிட்டால், தூக்கத்திலேயே திருத்துவாராம்! ஆனால் மற்றவர்கள் கண்விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. தூக்கம் குறைந்தால் புத்தி மழுங்கும், படிப்பு ஏறாது என்பார். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளை விடிய விடிய உட்கார வைக்கும் பெற்றோர் இதைக் கேட்டுக்கொள்க.

754-ல் பிரீசியா நாட்டுக்குப் புறப்படுமுன், போனிபாசியார் தம் மேலங்கியை லியோபாவிடம் தந்து, இந்த நாட்டை விட்டுப் போகாதே என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பயணத்தில் அவர் வேதசாட்சியாக மரித்தார். லியோபா போகவில்லை. ஏறக்குறைய 28 ஆண்டுகள் அங்கேயே கற்பித்து, அங்கேயே இறந்து, புல்டா மடத்தில் அடக்கமானார். செப்டம்பர் 28 அவருடைய திருநாள். சுமார் 836-ல் ருடால்ப் என்ற துறவி அவர் சரித்திரத்தை எழுதியபோது ஆதாரமாயிருந்தது, அவருடைய மாணவியர் நால்வர் நினைவில் வைத்துச் சொன்னவையே.

நம்மிடம் கேட்ட அந்தத் தாய் இக்கூட்டத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கலாம். அம்மா, உங்கள் மகளை அனுப்புங்கள் என்று நாம் கட்டளையிட வரவில்லை. ஏபாவுக்கும் கடைசிக் காலத்தில் நோயும் தனிமையும் இருந்தன. அதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. மகள் முதலில் படிப்பை முடிக்கட்டும். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு நாம் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். இந்த முறை அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசுவோம்.