ஊர் எது என்று கேட்பார்கள்

(திருவண்ணாமலையில் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நேர்காணலுக்குத் தயாராவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நிமிர்ந்து உட்கார், கண்ணைப் பார்த்துப் பேசு என்றெல்லாம் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சு, நேர்காணல் பயிற்சி எல்லாம் உண்டு. போங்கள், கற்றுக்கொள்ளுங்கள். சும்மா கிடைப்பதை விடாதீர்கள். அங்கே சொல்லாமல் விடுவதை மட்டும் நான் சொல்கிறேன்.

கண்ணைப் பார்த்துப் பேசு என்கிறார்கள். என் அப்பா நிலத்துக்காரரைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துத்தான் பேசுவார். நிமிர்ந்து பார்த்தால் திமிர். திருப்பிக் கேட்டால் எதிர்த்துப் பேசுகிறான் என்பார்கள். இதோ பக்கத்தில் இருக்கும் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான் போனார்கள், அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. சுமார் 80 ஆண்டுகள் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அப்படி ஓர் ஊரிலிருந்து முதல் பட்டதாரியாக வரும் பிள்ளையைப் பார்த்து, 'உடல்மொழியில் தன்னம்பிக்கை போதாது' என்று ஒருவர் தாளில் குறித்துக்கொள்வார். அவர் குறித்தது திறமையையா, வேறு எதையாவதா?

சென்னையில் என் முதல் வேலை. மேலாளர் ஒரு கணக்கை விளக்கினார். பாதி புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். மூன்று நாள் செய்த வேலை முழுக்கத் தப்பு. 'புரியலன்னா கேக்க மாட்டியா?' என்றார். அவருக்கு அது சாதாரணக் கேள்வி. எனக்கோ கேட்கக்கூடாது என்பதுதான் வீட்டில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அதை மறக்க இரண்டு வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம். நாளையிலிருந்தே பழகுங்கள்: 'நான் புரிந்துகொண்டது இது, சரியா?' என்று ஒரு வரி. சொன்ன வேலையை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். எழுத்து இருந்தால் பின்னால் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று யாரும் நழுவ முடியாது.

இவ்வளவும் கற்றுக்கொள்ளக் கூடியவை. இதற்குப் பிறகும் கதவு திறக்காமல் போகலாம். அப்போது குறை உங்களிடம்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள், 2007இல் வெளிவந்தது. ஆங்கில நாளேடுகளில் தனியார் நிறுவனங்கள் கொடுத்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒரே அளவு படிப்பு, ஒரே அளவு தகுதி. பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. யாரும் அவர்களை நேரில் பார்க்கவில்லை, ஆங்கிலத்தைக் கேட்கவில்லை, கை குலுக்கவில்லை. பெயரை மட்டும்தான் படித்தார்கள்.

நம் ஊரில் பெயரில் சாதி இல்லையே என்பீர்கள். உண்மைதான். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டது. அது நமக்குக் கிடைத்த பெரிய கொடை. ஆனால் பெயரில் கிடைக்காததை வேறு வழியில் தேடுவார்கள். 'சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, வெளியவா? அப்பா என்ன செய்யறார்? குலசாமி எங்க?' அதே 2007இல் ஜோத்கா, நியூமன் என்ற இரு ஆய்வாளர்கள் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். ஏறக்குறைய எல்லோருமே குடும்பப் பின்னணியைக் கேட்பதாகச் சொன்னார்கள், திறமையைத்தான் பார்க்கிறோம் என்று அழுத்திச் சொல்லிக்கொண்டே!

கேட்டால் என்ன சொல்வது? ஒளிக்க வேண்டாம், கூனிக் குறுகவும் வேண்டாம். 'அப்பா விவசாயக் கூலி. நான் வீட்டில் முதல் பட்டதாரி. இந்த வேலைக்கு வேண்டிய கணக்குப் பயிற்சியைப் போன வருஷம் முடித்தேன்' என்று மூன்றாவது வாக்கியத்தில் பேச்சை வேலைக்கே திருப்பிவிடுங்கள். நேராகச் சாதியையே கேட்டால், 'இந்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தெரிந்துகொள்ளலாமா?' என்று அமைதியாகக் கேட்கலாம். எல்லோராலும் கேட்க முடியாது, எனக்குத் தெரியும். வீட்டு வாடகை பாக்கி இருக்கும், தங்கச்சிக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கும். பதில் சொல்லிவிட்டு வந்தாலும் அது கோழைத்தனம் இல்லை. ஆனால் வெளியே வந்ததும் தேதி, நேரம், கேட்டவர் பதவி, கேட்ட சொற்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். சியாட்டில் நகரம் 2023இல் பணியிடச் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. இப்படி அனுபவப்பட்டவர்கள் வந்து பேசியதும் அதற்கு ஒரு காரணம்.

இன்னொன்று. உங்கள் பயோடேட்டாக்களைப் பார்த்தேன். 'பொழுதுபோக்கு: கிரிக்கெட், பாட்டு கேட்பது.' பின்வரிசையில் இருக்கிற தங்கச்சி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அம்மாவோடு டீக்கடை போடுகிறது. ராத்திரி முழுக்கக் கூட்டம். ஆந்திராவிலிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கில் பேசுகிறது, ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரரிடம் இங்கிலீஷில் விலை சொல்கிறது. எவ்வளவு பால் வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. சில்லறைத் தகராறைச் சமாளிக்கிறது. இதைத்தானே நிறுவனங்கள் வாடிக்கையாளர் சேவை, சரக்கு மேலாண்மை என்று பெரிய பெரிய பெயர் வைத்துக் கேட்கின்றன? ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். 'டீக்கடைன்னு எப்படிண்ணா போடறது' என்றது.

போடு. முதல் பக்கத்தில் போடு. எத்தனை வருஷம், ஒரு பௌர்ணமிக்கு எத்தனை டீ, என்னென்ன மொழி, எல்லாவற்றையும் எண்ணோடு எழுது.

சரி, பேச்சு போதும். தங்கச்சி, முன்னால் வா. அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். நான்தான் மேலாளர். மற்றவர்கள் சிரிக்காமல் குறிப்பெடுங்கள், அடுத்து நீங்கள்தான். 'வணக்கம்மா. சொந்த ஊர் எது?'