நாற்காலியும் நாவும்

அமெரிக்கத் துணைத் தலைவர் ஒருவர் தமது பதவிக் காலத்தில் எப்படிப் பணியாற்றினார் என்று தீர்ப்பளிக்க, எந்த அளவுகோலைக் கையில் எடுப்பது? அவர் இட்ட கையெழுத்துகளையா? சட்டத்தில் கையெழுத்திடும் உரிமை தலைவருக்கே உண்டு. அவர் நடத்திய படைகளையா? படையும் தலைவருடையதே! செனட் சபைக்குத் துணைத் தலைவர் தலைமை தாங்கலாம். வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும் தம் வாக்கை அளிக்கலாம். ஆகவே அவரிடம் எஞ்சி நிற்பது ஒன்றுதான்: தலைவரின் செவியருகே பேசக்கூடிய நாவு. அந்த நாவை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதே நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல்.

1965 முதல் 1969 வரை லிண்டன் ஜான்சனுக்குத் துணைத் தலைவராக இருந்த ஹூபர்ட் ஹம்ஃப்ரியை அந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம்.

அவரைக் கோழை என்று எண்ணிவிடாதீர்கள்! 1948-இல் பிலடெல்பியாவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், மினியாபொலிஸ் நகர மேயராக, 37 வயதில் எழுந்து நின்று, கருப்பின மக்களின் உரிமையைக் கட்சி தன் கொள்கையாக ஏற்க வேண்டும் என்று முழங்கியவர் அவர். தென் மாநிலப் பிரதிநிதிகள் சிலர் வெளியேறினர், அவர் வளைந்தாரில்லை. 1964-இல் குடிமை உரிமை மசோதாவைச் செனட்டில் முன்னின்று நடத்தியவரும் அவரே. பேசிப் பேசியே அதைச் சாகடிக்க முனைந்தவர்களின் வாயடைத்த தீர்மானத்துக்கு ஆதரவு 71 வாக்குகள்; எதிர்ப்பு 29.

அத்தகையவர் துணைத் தலைவரானார். 1965 பிப்ரவரியில், பதவியேற்று ஒரு மாதம் ஆகும் வேளையில், ஜான்சனுக்கு ஓர் இரகசியக் குறிப்பு எழுதினார். "வியட்நாம் போரை விரிக்க வேண்டாம், தேர்தலில் பெருவெற்றி கண்டுவிட்டோம், அரசியல் இழப்புக்கு அஞ்சாமல் விலகுவதற்கு ஏற்ற ஆண்டு இதுவே, விரித்தால் நம் கட்சிக்குள்ளிருந்தே எதிர்ப்பு எழும்" என்பது அதன் சாரம். ஒவ்வொன்றும் பின்னர் மெய்யாயிற்று!

கிடைத்த பரிசு என்ன? வியட்நாம் பற்றிய ஆலோசனைகளிலிருந்து அவர் ஒதுக்கி வைக்கப்பட்டார். துணைத் தலைவர் என்ற பெயர் இருந்தது. துணை நிற்க இடமில்லை!

இங்கேதான் சோதனை, தோழர்களே! 1966-இல் ஆசிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்து திரும்பிய ஹம்ஃப்ரி, எந்தப் போர் வேண்டாமென்று எழுதினாரோ அதே போரின் புகழ்பாடகரானார். 1964 இறுதியில் சுமார் 23,000 பேராக இருந்த அமெரிக்கப் படை, 1968-இல் 5 லட்சத்தைத் தாண்டியது. மேடைதோறும் அவர் அதை ஆதரித்துப் பேசினார்.

"தலைவரைத் துணைத் தலைவரே பகிரங்கமாக எதிர்க்கலாமா? கட்டுப்பாடு என்னாவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கட்டுப்பாடு வாயை மூடச் சொல்லலாம். மனம் ஏற்காததைப் போற்றிப் பேசச் சொல்வது கட்டுப்பாடு ஆகாது. மௌனம் என்ற வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அதையும் அவர் கைவிட்டார்.

1968 மார்ச் 31 அன்று, மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று ஜான்சனே அறிவித்தார். கடிந்து சொல்லும் துணையைப் பெறாத அரசன் பகைவரின்றியே வீழ்வான் என்று வள்ளுவர் எச்சரித்தாரே! இங்கே துணை கிடைத்திருந்தது. தலைவர் தள்ளினார், துணையும் தளர்ந்தது.

கட்சி வேட்பாளரான ஹம்ஃப்ரி, குண்டுவீச்சை நிறுத்துவேன் என்று சால்ட் லேக் நகரிலிருந்து அறிவித்தது செப்டம்பர் 30-இல். அதன்பின் ஆதரவு பெருகிற்று, காலமோ குறுகிற்று. 7 கோடிக்கு மேற்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ 5 லட்சம் வேறுபாட்டில் நிக்சனிடம் தோற்றார். முன்பே பேசியிருந்தால் வென்றிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. வெற்றிக்காக அல்ல, மாண்டவர்களுக்காகப் பேசியிருக்க வேண்டும்!

எனவே என் தீர்ப்பு இது: அந்தப் பிப்ரவரிக் குறிப்புக்காக அவரைப் போற்றுவோம், அதன்பின் வந்த ஆண்டுகளுக்காக அவரைக் குறை கூறுவோம். நல்லவர்தாம், ஆனால் நாற்காலி அவர் நாவை வென்றது.

தோழரே! நாளை உங்களுக்கும் ஒரு பொறுப்பு வரலாம், ஊர்க் கிளையிலோ உயர்ந்த அவையிலோ! தலைவரிடம் நான்கு சுவர்களுக்குள் உண்மையைச் சொல்லுங்கள். ஒதுக்கினால் ஒதுங்கி இருங்கள். மீண்டும் அழைக்கும் நாளில், அதே உண்மையை மீண்டும் சொல்லுங்கள்!