டிகிரி முடிச்ச பிள்ளைக்கு ஒரு வருஷப் பயிற்சி

நான் பத்தாவது வரைதான் படிச்சவள். எங்க வீட்டில் நடந்ததை வைத்தே பேசுகிறேன்.

குழுவில் கடன் வாங்கி பிள்ளைகளை பி.காம்., பி.எஸ்சி. படிக்க வைக்கிறோம். சிட்கோ எஸ்டேட் நம்ம காக்களூரிலேயே இருக்கு. படிப்பு முடிஞ்சதும் ஆள் எடுக்கிறவர் வந்து, "டிரெய்னியா அனுப்புங்க" என்கிறார். என் நாத்தனார் மகளையும் கேட்டார். "என்ன பேப்பர் தருவீங்க அண்ணா?" என்றேன். "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்மா" என்றார். நாங்க அனுப்பவில்லை.

டிரெய்னி என்று சொல்வதெல்லாம் அரசாங்கப் பயிற்சி இல்லை. 1961-ல் வந்த தொழிற்பழகுநர் சட்டம், அப்ரெண்டிஸ் சட்டம் என்போமே, அதன்படி நடப்பதுதான் அரசாங்கப் பயிற்சி. 30 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்கிற கம்பெனி கட்டாயம் அப்ரெண்டிஸ் எடுக்கணும். நம்ம பக்கம் இதைப் பார்த்துக்கொள்வது சென்னை தரமணியில் இருக்கிற தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். 'நாட்ஸ்' என்கிற அரசு இணையதளத்தில் பிள்ளை பெயரைப் பதியணும். பைசா செலவில்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க.

இன்ஜினியரிங் மட்டும் இல்லை, பி.ஏ., பி.காம். பிள்ளைகளுக்கும் உண்டு. அரசு போக்குவரத்துக் கழகத்தில்கூட எடுக்கிறாங்க. 2019-ல் வந்த விதியில் டிகிரிக்கு மாசம் குறைஞ்சது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று வைத்திருந்தாங்க. குறைஞ்சபட்சத் தொகையில் பாதி மத்திய அரசு பங்கு. கம்பெனியும் பிள்ளையும் போடுகிற ஒப்பந்தம் அந்த இணையதளத்தில் பதிவாகணும். பயிற்சியில் அடிபட்டால் கம்பெனி நஷ்டஈடு தரணும் என்றும் சட்டத்தில் இருக்கு. வருஷம் முடிஞ்சால் சர்டிபிகேட் வரும். ஆனால் அதே கம்பெனியில் வேலை கொடுத்தே ஆகணும் என்று சட்டம் சொல்லவில்லை. அதையும் தெரிஞ்சுதான் அனுப்பணும்.

ஒன்று முக்கியம். படிப்பு முடித்த பிறகு ஒரு வருஷம் வேறு எங்காவது வேலை பார்த்திருந்தால் இதில் சேர முடியாது. சும்மா இருக்கிறாளே என்று காண்ட்ராக்ட்டில் தள்ளிவிட்டால், அந்த ஒரு வருஷத்தோட இந்த வாய்ப்பும் போயிடும். இதைச் சொல்லத்தான் நான் மைக் பிடிச்சேன்.

நாத்தனார் மகள் இப்போ பதிஞ்சு வைத்திருக்கிறாள், இன்னும் கூப்பிடவில்லை. உங்க வீட்டுப் பிள்ளைக்குப் பதிய வழி தெரியலைன்னா மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக்கோட ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. அவளே உட்கார்ந்து பதிஞ்சு தருவாள்.