பழைய புல்லட்டின் சத்தம் எங்கே இருக்கிறது?

புது புல்லட் வாங்கி, பழைய சத்தம் வேண்டும் என்று மறுவாரமே சைலன்சரை மாற்றுகிற மோகம் பெருத்துவிட்டது. என் பட்டறைக்கும் வருகிறார்கள். மாட்டித் தர மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். சத்தம் சைலன்சரில் இல்லை, இன்ஜினில் இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், இன்ஜினில் இருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் திருவொற்றியூரிலிருந்து வரத் தொடங்கிய பழைய வார்ப்பிரும்பு இன்ஜினுக்கு போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. மொத்தம் 346 சிசி. 2008க்குப் பிறகு வந்த யூ.சி.இ. (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) இன்ஜினுக்கும் அதே அளவுதான். அப்புறம் சத்தம் ஏன் மாறியது? பழையதில் ஃபிளைவீல் நல்ல கனம். ஐட்லிங்கை நன்றாக இறக்கினாலும் வண்டி அணையாது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இடைவெளி காதில் விழும். கியர்பாக்ஸ் தனிப் பெட்டி. யூ.சி.இ.யில் எல்லாம் ஒரே கூட்டுக்குள். டாப்பட்டுகூட ஹைட்ராலிக், அது தானே சரிசெய்துகொள்ளும். பழையதில் புஷ் ராடை விரலால் உருட்டிப் பார்த்துத்தான் டாப்பட் வைக்க வேண்டும்: தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அதுவும் இன்ஜின் ஆறியிருக்கும்போது!

எனக்குப் பிடித்தது ஸ்டார்ட் செய்கிற விதம். செல்ஃப் பட்டனை அமுக்கிப் பழகியவர்கள் கவனமாகக் கேளுங்கள். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்துங்கள். தீப்பொறியைத் தூண்டும் பாயின்ட் மூடியிருக்கும்போது அம்மீட்டர் முள் இடப்பக்கம் சாயும். அழுத்த அழுத்த கால் கனக்கும். பாயின்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வரும். முள் நடுவுக்கு வந்தால் பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஷரை இழுத்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, டீகம்ப்ரஷரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. முள் நடுவில், அப்புறம் உதை. இதை என் மேஸ்திரி வாயால் சொல்லித் தரவில்லை. நான் முள்ளைப் பார்க்காமல் காலை ஓங்கினால் முதுகில் ஒன்று வைப்பார். முள் பார்க்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும்; அந்த அடிக்கு அவர் அடி பரவாயில்லை.

வலது கால் கியர், இடது கால் பிரேக் என்பதெல்லாம் பத்து நாளில் பழகிவிடும், அதைப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. ஆயில் ஒழுகுமே என்கிறீர்களா? ஒழுகும். கீழே ஒரு அட்டையை விரித்துவையுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், போனவுடன் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே விற்பவர் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள், இன்ஜின் ஆறட்டும். பிறகு அவரையே உதைக்கச் சொல்லுங்கள்.