எட்டு நாள் காத்திருந்தவர்கள்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் நான் ஏறுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஆண்டு எட்டில் பேச்சுப் போட்டிக்கு ஏறி, பாதியில் மறந்துபோய், அழுதுகொண்டு இறங்கினேன். ஆகவே இன்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். நான் இறையியல் படித்தவள் அல்ல. மருத்துவர். எனக்குத் தெரிந்தது ஒரு சிநேகிதியின் கதை மட்டுமே. அவளும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவி. அவளுடைய சம்மதத்தோடு பேசுகிறேன். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். எங்கள் வகுப்பில் இருந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் சத்தமாகச் சொல்லாதீர்கள்.

அவள் சைவக் குடும்பத்துப் பிள்ளை. காலை வழிபாட்டில் என்னைவிட நன்றாகக் கீர்த்தனை பாடுவாள். கந்தசஷ்டிக்கு விரதம் இருப்பாள். அந்த ஆறு நாளும் அவளுடைய இடைவேளைச் சாப்பாடு எனக்கு. மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் ஒரே ஜாம் போத்தல் விளக்கின் இரு பக்கமும் இருந்து படித்தோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்கள் இரு குடும்பங்களும் ஒன்றாகவே நின்றன. தென்மராட்சியில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் மாதக்கணக்கில் இருந்தோம். நடுவில் ஒரு சேலை மறைப்பு. ஒரு பக்கத்தில் அவளுடைய அம்மா திருநீறு பூசி விளக்கு வைப்பார். மறுபக்கத்தில் என் அம்மம்மா முழங்காலில் நின்று ஜெபிப்பார். இரண்டு சத்தமும் இரண்டு பக்கத்திலும் கேட்கும். அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

பின்னர் நான் மருத்துவ பீடத்துக்குப் போனேன். அவள் ஆசிரியையானாள். அவளுடைய ஒரே தம்பி வன்னியில் இருந்தான். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவனுடைய புகைப்படத்தோடு அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை, பார்க்காத முகாம் இல்லை. அப்படி நடந்த பெண்கள் எங்களுக்குள்ளே எத்தனையோ பேர். இன்றும் நடந்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

அந்த ஆண்டின் முடிவில் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தாள். கோயிலுக்குப் போவதை அப்போது நிறுத்தியிருந்தாள். தேநீர் ஆறிப்போகும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "நீ உண்மையாத்தான் நம்புறியோ? அப்ப அந்த மாசம் உன்ரை கடவுள் எங்கை நிண்டவர்?"

நான் ஞாயிறுப் பாடசாலையில் படித்ததைச் சொன்னேன். எல்லாவற்றிலும் கடவுளுக்கு ஒரு சித்தம் இருக்கும் என்றேன். அலுமாரியைத் திறந்து ஒரு சிறிய புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, அப்படியே மேசையில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை.

யோபின் புத்தகத்தை நாங்கள் எல்லோரும் வாசித்திருக்கிறோம். யோபைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதர்களையும் குறை சொல்வோம். ஆனால் அவர்கள் முதல் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகே பிழைவிட்டார்கள். நான் ஏழு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவளுடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னது பிழையோ சரியோ எனக்குத் தெரியாது. ஆனா நீ என்னைப் பாக்காமல் சொன்னனீ," என்றாள். மருத்துவர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய கண்டனம் இல்லை. நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதியிருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பின்னர் யோசித்திருக்கிறேன். துக்கத்தில் இருப்பவளின் மனம் இளகியிருக்கும், இதுதான் சமயம் என்ற எண்ணம் எனக்குள்ளே எங்கோ இருந்தது. இந்த எண்ணம் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்ப ஊர் தயங்கியது. மிஷன் உணவும் உடையும் கொடுத்தது. திருமணத்தின்போது சீதனமும் கொடுத்தது. அந்த அம்மாமாரின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் பெண்களுக்குத் திறந்த வாசலால்தான் நானும் வந்தேன். ஆயினும் சோறும் சீதனமும் ஒரு பக்கத்தில் இருக்கும்போது, ஒருவர் சொல்லும் "ஆம்" எவ்வளவு தூரம் அவருடையது என்று கேட்காமல் இருக்க முடியாது.

அதே நூற்றாண்டில் இதற்கு வேறொரு முன்மாதிரியும் எங்களிடம் உண்டு. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணையாக இருந்தவர் ஆறுமுக நாவலர். பேர்சிவலின் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே கற்பித்து, ஆண்டுக்கணக்கில் அவரோடு ஒரே வேலையில் இருந்தார். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கிறிஸ்தவ மதத்தைக் கடுமையாகக் கண்டித்தும் எழுதினார். 1850 இல் அச்சான அந்த மொழிபெயர்ப்பில் அவருடைய உழைப்பும் இருக்கிறது. அது நடந்தது, அவர் "இல்லை" என்று சொல்லக்கூடியவராகவே அந்த மேசையில் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

மறைந்த டி. ரி. நைல்ஸ் போதகரைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தெரியும். 1908 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1948 இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகளின் மன்றம் தொடங்கிய கூட்டத்தில் பிரசங்கித்தவர். நற்செய்தி சொல்வதை, பசித்த ஒருவன் பசித்த இன்னொருவனுக்கு உணவு கிடைக்கும் இடத்தைக் காட்டுவதற்கு அவர் ஒப்பிட்டது உலகம் முழுவதும் அறிந்த விடயம். அவர் சொன்ன இன்னொரு சம்பவம் எனக்கு அதைவிடப் பிடிக்கும். 1935 இல் அவர் இறையியலாளர் கார்ல் பார்த்தைச் சந்தித்தார். மற்றச் சமயங்கள் எல்லாம் அவிசுவாசமே என்று பார்த் சொன்னாராம். நீங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் கேட்டாராம். ஒருவரையும் இல்லை என்று பதில் வந்தது. நைல்ஸ் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு வந்துவிட்டார். எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. நாங்கள் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

2016 இல் சிநேகிதியின் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. நான் வேலை செய்த வைத்தியசாலையில்தான் அனுமதித்தார்கள். ஜெபிக்கவா என்று கேட்க எனக்கு ஆசை. ஆனால் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்ரெதஸ்கோப்புமாக நிற்கும் ஒருவர் கேட்டால், கட்டிலில் கிடப்பவர் எப்படி வேண்டாம் என்பார்? எங்கள் ஊரில் டொக்டரை எதிர்த்துப் பேச மாட்டார்கள். அதனால் கேட்கவில்லை. கடமை முடிந்ததும் சேலை மாற்றி, பார்வையாளர் நேரத்தில், எல்லோரையும்போலக் கஞ்சிப் போத்தலோடு போய் இருந்தேன்.

ஒருநாள் அவவே என் கையைப் பிடித்தா. "பிள்ளை, இடம்பெயந்திருக்கேக்கை உன்ரை அம்மம்மா செபிக்கிறவ எல்லே. அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் நித்திரை கொள்ளுறனான். அதுமாதிரி ஒருக்காச் செபி."

இருபது ஆண்டுக்கு முன் சேலை மறைப்புக்கு அப்பால் கேட்ட ஜெபம். அம்மம்மா யாரையும் மாற்றுவதற்காக அதைச் செய்யவில்லை. நான் ஜெபித்தேன். முடிந்ததும், "இனித் திருநீறைப் பூசிவிடு," என்று மகளிடம் சொன்னா. அவள் பூசினாள். நான் தலையணையை உயர்த்திப் பிடித்தேன். சில வாரங்களில் அம்மா காலமானா. அந்தியேட்டிக்கு நானும் கீரிமலைக்குப் போனேன்.

அதற்கு அடுத்த ஆண்டு ஒரு இரவு, பிள்ளை பெற்ற இளம் தாய் ஒருத்தி எங்கள் எல்லோருடைய முயற்சியையும் மீறி இறந்துபோனாள். இரத்தப்போக்கு நிற்கவில்லை. விடிய வீட்டுக்கு வந்து ஜெபிக்க முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. எழும்பிச் சிநேகிதிக்கு ரெலிபோன் எடுத்தேன். "எனக்கு இண்டைக்கு ஜெபிக்கேலாமல் கிடக்கு," என்று சொன்னேன். அரை மணித்தியாலத்தில் வந்தாள். ஒன்றும் சொல்லாமல் கோப்பி போட்டுத் தந்தாள். கனநேரத்துக்குப் பிறகு கேட்டாள்: "அப்ப ஏன் இன்னும் விடாமல் பிடிச்சுக்கொண்டிருக்கிறாய்?"

இத்தனை ஆண்டில் அவள் என் நம்பிக்கையைப் பற்றி உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டது அன்றுதான். நான் அழுதுகொண்டு சொன்னது இதுதான். சிலுவையில் தொங்கியபோது இயேசுவும் தம் தந்தையிடம் "ஏன்" என்று கேட்டார். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு பதிலும் வரவில்லை. துன்பத்துக்கு விளக்கம் சொல்லும் கடவுளை எனக்குத் தெரியாது. அதற்குள்ளே இறங்கி வந்து நின்ற ஒருவரைத் தெரியும். உன்ரை தம்பி காணாமற்போன இடத்திலும் அவர் நின்றார் என்று நம்புகிறேன். நிரூபிக்க என்னால் முடியாது. நம்ப முடியாத நாட்களும் எனக்கு உண்டு; அந்த நாட்களில் மற்றவர்களின் ஜெபத்தில் சாய்ந்திருக்கிறேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "இதை நீ அண்டைக்குச் சொல்லியிருக்கலாம்," என்றாள். அன்றைக்கு இது எனக்கே தெரிந்திருக்கவில்லை.

சகோதரிகளே, நம்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருக்கும் சிநேகிதி உங்களுக்கும் இருப்பாள். ஸ்காபரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் அது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். மருத்துவ ஆலோசனைபோல மூன்று விடயங்களைச் சொல்லிவிடுகிறேன். அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், கேட்காததற்குச் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவள் வளர்ந்த சமயத்தை மதித்துப் படியுங்கள். 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதற் பேராயரான சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்பது என்ன என்று ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். "அருள்" என்ற சொல்லை அவளுக்கு நாங்கள் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவளுடைய அம்மா அந்தச் சொல்லோடு வாழ்ந்தவ.

அப்படியானால் பேசாமலே இருந்துவிடுவதா என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. எனக்கு உயிராக இருக்கும் ஒன்றைச் சிநேகிதிக்கு மறைத்தால் அதுவும் சிநேகிதம் ஆகாது. நான் ஜெபிப்பது அவளுக்குத் தெரியும். கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வரச்சொல்லிக் கேட்கிறேன். சில வருடம் வருவாள், சில வருடம் வரமாட்டாள். வராத வருடத்திலும் கேக் அவளுடைய வீட்டுக்குப் போகும்.

தோமாவைச் சந்தேகக்காரன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அவன் சொன்னபின் நடந்ததைக் கவனியுங்கள். எட்டு நாள் கழித்து, சீடர்கள் மறுபடியும் அந்த வீட்டுக்குள்ளே இருந்தார்கள். தோமாவும் அவர்களோடு இருந்தான் என்று யோவான் எழுதுகிறார். அந்த எட்டு நாளும் மற்றவர்கள் எல்லோரும் நம்பினார்கள், அவன் ஒருவன் நம்பவில்லை. அவர்கள் அவனை வெளியே விடவில்லை. அவனும் எழுந்து போகவில்லை. காயத்தைக் காட்டுவது ஆண்டவருடைய வேலை. கதிரையை எடுத்துவிடாமல் வைத்திருப்பதுதான் அவர்களுக்கு இருந்த வேலை.

இந்த உரையை எழுதி முடித்ததும் முதலில் அவளுக்கே வாசித்துக் காட்டினேன். தம்பியைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு வரிகளை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். பிறகு, "கடைசியிலை நான் மாறீட்டன் எண்டு சனம் நினைக்கும். இன்னும் நம்பேல்லை எண்டதையும் எழுது," என்றாள்.

எழுதியிருக்கிறேன். அவள் இன்றைக்கு வந்திருக்கிறாள். வழிபாடு முடிந்ததும் எங்கள் பழைய வகுப்பறையைப் பார்க்க இருவரும் போகிறோம். நீங்களும் உங்கள் சிநேகிதியைத் தேடிக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கடவுள் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.