ருக்மணி தேவியும் நமது மறதியும்
(மாத்தளையில் தமிழ் மக்கள் முன் ஆற்றிய உரை)



நடிகை ஒருவரைப் பற்றி அரசியல் மேடையில் என்ன பேச்சு என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். காரணத்தோடுதான் பேச வந்திருக்கிறோம்.

சிங்களத்தின் முதற் பேசும்படமாகிய 'கடவுனு பொறொந்துவ' 1947 சனவரி 21ஆம் நாள் திரைக்கு வந்தது. அதன் கதாநாயகி ருக்மணி தேவி. அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யாது தெரியுமா? டெய்சி இராசம்மா டானியல்ஸ்! நமது மலைநாட்டு இறம்பொடையிலே, 1923இல், கொழும்புச் செட்டி மரபிலே பிறந்தவர். ஏழு வயதிற் கிறித்து பிறப்பு நாடகத்தில் மேடையேறினார். பன்னிரண்டு வயதில், சிங்கள இராமாயண நாடகத்திற் சீதையானார். பின்னர் ஜெயமான்ன சகோதரர்களின் மினர்வா நாடகக் குழுவிற் புகழ் பெற்று, அவர்களுள் எடி ஜெயமான்னவையே மணந்தார். கிறித்தவப் பெண்ணாகிய அவர் பாடிய புத்தகயாப் பாடல் பௌத்த இல்லங்கள்தோறும் ஒலித்தது. அதைக் கேட்டு உருகியவர் எவரும் பாடியவரின் குலத்தை விசாரிக்கவில்லை.

அந்த முதற்படத்தின் தயாரிப்பாளர் யார்? எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடித்த இடம் எது? மதுரை! அதன்பின் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்தியக் கலைக்கூடங்களிலேயே உருவாயின. கந்தானையிற் கலைக்கூடம் அமைத்தவரும் அதே நாயகந்தான்.

அன்பர்களே, ஒன்பதே ஆண்டுகள் கழிந்தன. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. இந்த நாட்டின் சிங்களத் திரைக்கு முகமும் குரலும் முதலும் கொடுத்த மக்களின் மொழிக்கு அரச கருமத்தில் இடமில்லையென்றார்கள். உழுதவன் ஒருவன், வரப்பில் நின்று அளந்தவன் ஒருவன் என்ற கதைதான்! 1983 சூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா கலைக்கூடமும் தீக்கிரையானது. அங்கே எரிந்தவற்றுள் சிங்களப் படச்சுருள்களும் இருந்தன என்பதை எரித்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களா?

பிறரை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது. சென்னை நடிகைகளின் படங்களைக் கடைச் சுவர்களில் ஒட்டிய நாம், இறம்பொடைப் பெண்ணை நம்மவளென்று ஒருநாளாவது சொன்னோமா? முதுமையை நெருங்கியபோது படவாய்ப்புக் குறைந்து, ஊரூராக இசைநிகழ்ச்சிகளிற் பாடி வந்தார் அவர். 1978 அக்டோபர் 28ஆம் நாள், மாத்தறையில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், ஜாஎலவுக்கு அருகே வாகன விபத்தில் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து.

அவருடைய பாட்டை நேரிற் கேட்ட முதியோர் இந்த மாவட்டத்திலும் இருப்பர். அவர்கள் தம் பேரப்பிள்ளைகளுக்கு இராசம்மா என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்ளவே இன்று இங்கு வந்தோம்.