வந்து வந்து போகும் கோளாறு

(நாக்பூரில் நமது கிளையின் மாதாந்தரக் கூட்டத்தில் பேசியது)



இந்த மேடையில் பெரியவர்கள் பெரிய விஷயங்களைப் பேசுவது வழக்கம். நான் கம்ப்யூட்டர் கேபிளைப் பற்றிப் பேசப் போகிறேன். "உங்கள் அகத்தில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள், பலருக்கு உபயோகப்படும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

புனேயில் இருக்கும் பேத்திக்கு வாரத்தில் மூன்று நாள் மாலையில் என் மனைவி கம்ப்யூட்டர் மூலம் பாட்டு சொல்லிக் கொடுக்கிறாள். பழைய கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டதால், பாகங்களாக வாங்கி, எங்கள் காலனியில் உள்ள ஒரு மராட்டிப் பையனிடம் கொடுத்துப் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்தேன். வந்த வாரமே தொல்லை ஆரம்பித்தது. வர்ணத்தின் நடுவில் படம் அப்படியே நிற்கும், அரை நிமிஷத்தில் தானே வரும், மறுபடி போகும். "பாட்டி, நான் இங்கேயே ஒரு டீச்சர்கிட்ட கத்துக்கறேனே" என்று பேத்தி ஒரு நாள் சொல்லிவிட்டாள். மனைவி என்னிடம், "இந்த மாசத்தோட நிறுத்திடலாம்" என்றாள். குரல் சரியாக இல்லை.

இணைப்புக் கொடுத்த கம்பெனிக்குப் புகார் செய்தேன். ஆள் மூன்று முறை வந்தார். அவர் வரும்போதெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். பிறகு பழைய கம்ப்யூட்டரை அதே கேபிளில் மாட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் ஒரு தடவைகூட அறுபடவில்லை. ஆகவே குற்றவாளி புதிய கம்ப்யூட்டர்தான் என்று தீர்மானித்து, அந்தப் பையனை நாலு பேர் முன்னிலையில் கடிந்து பேசினேன். "காகா, கேபிளை மாற்றிப் பாருங்களேன்" என்றான். "இதே கேபிளில் பழையது ஓடுகிறதே!" என்று அவன் வாயை அடைத்தேன்.

நான் படித்தது பி.எஸ்ஸி. பௌதிகம், உத்தியோகம் பார்த்தது தணிக்கைத் துறையில். எழுதி வைக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது. அது காலதாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டேன். விண்டோஸில் 'பிங்' என்று ஒரு கட்டளை உண்டு. விநாடிக்கு ஒரு முறை "இருக்கிறாயா?" என்று கேட்டு, பதில் வந்ததா என்று காட்டும். அதை இரண்டு ஜன்னல்களில் ஓடவிட்டேன். ஒன்று நம் வீட்டு ரௌட்டருக்கு. பல வீடுகளில் அதன் எண் 192.168.1.1. மற்றொன்று வெளியே, கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணுக்கு. வெளியே மட்டும் பதில் நின்றால் பெரும்பாலும் கம்பெனிக்காரர் பொறுப்பு. இரண்டும் ஒன்றாக நின்றால் கோளாறு வீட்டுக்குள்.

இரண்டு வாரத்தில் 6 வகுப்புகள், 23 அறுபடல்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜன்னல்களும் சேர்ந்தே நின்றன. கம்பெனிக்காரர் நிரபராதி. ஆனால் வகுப்பில்லாத மாலைகளில் அதே நேரத்தில் ஒன்றுகூட இல்லை! நோட்டைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்னா, டி.வி. சத்தம் கேக்கப்படாதுன்னு கிளாஸ் எடுக்கறச்சே கதவைச் சாத்திண்டுதானே உக்காறேன்?" என்றாள் மனைவி.

எழுந்து போய்ப் பார்த்தேன். கூடத்து ரௌட்டரிலிருந்து வரும் கேபிள் கதவின் கீல் ஓரமாக உள்ளே போகிறது. கதவைச் சாத்தினால் அது நசுங்குகிறது. அன்றைக்கு வேறு எதையும் தொடாமல், புதுக் கேபிள் ஒன்றைக் கீல் பக்கம் போகாமல் கதவின் அடி இடுக்கு வழியாகத் தரையில் போட்டு, கதவைச் சாத்தி, வகுப்பு நடத்தினோம். ஒரு மணி நேரமும் தடங்கல் இல்லை. பழைய கேபிளைக் கீறிப் பார்த்தால், பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி பாதி ஒடிந்திருந்தது.

அப்படியானால் பழைய கம்ப்யூட்டர் எப்படி ஓடிற்று? கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகள். 100 மெகாபிட் வேகத்தில் ஓடும் பழைய கம்ப்யூட்டருக்கு 2 ஜோடி போதும்; பழுப்பு ஜோடி அதற்கு வேண்டியதேயில்லை. கிகாபிட் வேகத்தில் ஓடும் புதியதற்கு நான்கும் வேண்டும். என் சோதனை சரி. அதிலிருந்து நான் எடுத்த முடிவுதான் தவறு.

மறுநாள் பையன் வீட்டுக்குப் போய், அவன் அப்பா முன்னாலேயே, "தப்பு என்னுடையது" என்றேன். அவன் சிரித்துவிட்டு, டிரில் மிஷினோடு வந்து, சுவரில் துளை போட்டுக் கேபிளைக் கொண்டுபோனான். கூலி வாங்க மறுத்துவிட்டான்.

ஆகவே, வந்து வந்து போகும் கோளாறு உங்கள் அகத்தில் இருந்தால், நேரத்தையும் அப்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விலை குறைந்த கேபிளை முதலில் மாற்றுங்கள். மனிதர்களைக் கோபிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அநேகமாகத் தேவைப்படாது.

பேத்தி இப்போது அடுத்த வர்ணம் ஆரம்பித்திருக்கிறாள்.